அக்காவின் தெற்றுப்பல்

என் அக்கா தாமரைச்செல்வி வாயைத் திறந்து சிரித்த போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. ஐம்பத்திரண்டு வயதாகிறது. குபெர்டினோவில் சொந்த வீடு, டெக்சஸில் படிக்கும் பெண், போன் நிறையப் படங்கள். ஆனால் கேமராவைக் கண்டதும் அவளுடைய வலது கை தானாக வாய்க்குப் போய்விடும். மேல்வரிசையில் இடது பக்கம் அவளுக்கு ஒரு தெற்றுப்பல். கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் நூற்றைம்பது படத்திலும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, யாரோ மிரட்டித் தாலிக்குக் கழுத்தை நீட்டவைத்த மாதிரி நிற்பாள்.

அந்தக் கையை வாய்க்கு அனுப்பி வைத்தவன் நான்தான். எனக்கு ஆறு வயது, அவளுக்குப் பன்னிரண்டு. ஏதோ மிட்டாய்ச் சண்டையில் அவளுக்குத் 'தெத்தாயி' என்று பேர் வைத்தேன். பெருந்துறையில் எங்கள் தெரு முழுக்க அந்தப் பேர் பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை. எனக்கு அன்றைக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

இந்த பிப்ரவரியில் அக்காவுக்கு மேல்வாயில் ஒரு கட்டி வந்தது. பல் டாக்டர் பார்த்து வேறு டாக்டருக்கு அனுப்பினார், அவர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இடது பக்க மேல்தாடையைப் பல்லோடு எடுத்துவிட வேண்டும், தொடையிலிருந்து சதையெடுத்து அந்த இடத்தில் வைப்பார்கள், பேச்சு திரும்ப வரும் ஆனால் நாளாகும், முகம் பழைய மாதிரி இருக்காது என்று சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை தேதி குறித்தாயிற்று. வியாழக்கிழமை மத்தியானம் நான் ஆபீஸில் ஒரு மீட்டிங்கில் இருந்தபோது அக்கா கூப்பிட்டாள்.

"மாறா, ஒருக்கா வாயத் தொறந்து சிரிச்சு ஒரு போட்டோ எடுத்துக்கோணும்டா. செவ்வாக்கெழமைக்கு அப்பறம் இந்த வாயி இருக்காது. நீதான் பெரிய போட்டோகிராபராச்சே, சனிக்கெழம வந்து எடுத்துக் குடு."

மச்சான் போனில் எடுக்கலாமே என்று கேட்டேன். போனே கூடாது என்றாள். போனில் எடுத்தால் பேமிலி குரூப்பில் யாராவது போட்டுவிடுவார்கள், அது அடுத்த நிமிஷம் பெருந்துறைக்குப் போய்விடும். அம்மாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது. வருகிறேன் என்றேன். அந்தப் பல் தெரிகிற ஒரே படம் அன்றைய தேதியில் ஆஸ்பத்திரி ஸ்கேன்தான்.

இங்கே என்னுடைய கிறுக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என்னிடம் இருப்பது இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய மிரர்லெஸ் கேமரா. அதோடு வந்த லென்ஸை மாட்டினால் ஆளின் கண்ணை அதுவே தேடிப் பிடித்து போகஸ் பண்ணிவிடும். பூனையின் கண்ணைக்கூட விடாது. நான் அந்த லென்ஸைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டு, சன்னிவேலில் செத்துப்போன ஒருவர் வீட்டுச் சாமான்களை விற்ற எஸ்டேட் சேலில் கிடைத்த எழுபது வருடப் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸை, நடுவே ஒரு அடாப்டர் வளையம் கொடுத்து மாட்டி வைத்திருக்கிறேன். பித்தளை உடம்பு, உள்ளங்கையில் அடங்கிவிடும். அது பிறந்த காலத்துக் கேமராவில் சின்ன ஜன்னல் ஒன்று இருக்கும். அதில் ஆள் இரண்டு இரண்டாகத் தெரிவார், வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் போகஸ். என் கேமராவில் அந்த ஜன்னல் இல்லை. அதற்குப் பதிலாக, எந்த இடம் துல்லியமாக விழுகிறதோ அதன் ஓரங்களில் திரையில் சிவப்புக் கோடு மினுங்கும். சிவப்பு மினுங்கினால் கிளிக் பண்ண வேண்டியது. மற்றபடி இந்தக் கேமராவைப் பொறுத்தவரை அங்கே லென்ஸே கிடையாது. மெனுவுக்குள் போய், லென்ஸ் இல்லாவிட்டாலும் படமெடு என்று அதற்குச் சொல்லி வைக்க வேண்டும்.

என் மனைவி யாமினிக்கு இதெல்லாம் பைத்தியக்காரத்தனம். பவர் ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிட்டு மாட்டுக் கயிறு கட்டி கார் ஓட்டுகிற மாதிரி இருக்கிறது என்பாள். அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அவள் கிண்டல் பண்ணவில்லை.

"இளமாறன், இது பூனை இல்ல. அக்காவுக்கு ஆட்டோபோகஸ் லென்ஸ் எடுத்துட்டுப் போங்க. ப்ளீஸ்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. புது லென்ஸ் ஒரு முகத்தில் உள்ள அத்தனை ஓட்டையையும் எண்ணிக் காட்டும், கருணையே இல்லாத சாமான், இந்தப் பழைய கண்ணாடியில்தான் தோலுக்கு ஒரு ஒளி வரும், அக்காவுக்கு இப்போது வேண்டியது அதுதான் என்று அரை மணி நேரம் பேசினேன். பொய்யாகவும் பேசவில்லை, முழுக்க நம்பித்தான் பேசினேன். நான் சொன்னதில் தப்பும் இல்லை. ஆனால் அதற்குள் நான்தான் போகஸ் பண்ணப் போகிறேன் என்கிற திமிர் ஒளிந்திருந்தது, அது எனக்குத் தெரியவில்லை. யாமினி அந்தப் புது லென்ஸையும் என் பையில் போட்டு வைத்தாள். போகிற வழியெல்லாம் அது பையில்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன். சமையலறைக் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள், தோட்டத்திலிருந்து நல்ல மெத்தென்ற வெளிச்சம். அக்கா முகூர்த்தப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். அரக்குப் பட்டு, கையகலத்துக்கு மேல் ஜரிகை, முந்தானை முழுக்கத் தங்கம். இருபத்தாறு வருடம் பீரோவில் கிடந்தும் ஜரிகை துளி கறுக்கவில்லை. தெற்றுப்பல் இடது பக்கம் என்பதால் இடது தோளை என் பக்கம் திருப்பி உட்காரச் சொன்னேன். முந்தானை போட்ட தோள். அது அவள் முகத்தைவிட ஒரு ஜாண் எனக்குக் கிட்டத்தில் இருந்தது. நான் பழகியதெல்லாம் பூனை, காப்பிக் கோப்பை, டீ ஷர்ட் போட்ட யாமினி. இதில் எதுவும் பட்டுக் கட்டாது.

முதல் நாலு படம் வாயை மூடிக்கொண்டு எடுத்துக்கொண்டாள். சிலை மாதிரி உட்கார்ந்திருந்ததால், திரையில் அவள் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்து ஒவ்வொரு இமைமுடியாக போகஸ் பண்ண முடிந்தது. பிறகு சிரிக்கச் சொன்னேன். கை போய்விட்டது. மச்சான் நெடுஞ்செழியன் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, அந்தக் கையை மெதுவாக எடுத்து மடியில் வைத்தார். அக்கா விட்டாள். ஆனால் உதடு பிரியவில்லை.

மச்சான் என்னைப் பார்த்துச் சொன்னார். "பொண்ணு பாக்க வந்தன்னிக்கு, காப்பி குடுத்துட்டுத் திரும்பறப்ப ஒரு தடவ சிரிச்சா மாறா. அந்தப் பல்லப் பாத்துத்தான் நான் சரின்னேன்."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "இத்தன வருசமா சொல்லல. தாடைய வெட்டப் போறாங்கன்னதும் சொல்றாரு பாரு."

அவள் கண் கலங்கப் போகிறது என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல், கேமராவுக்குப் பின்னாலிருந்து, முப்பது வருடத்துக்கு மேலாகச் சொல்லாத அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "ஏய் தெத்தாயி, இங்க பாரு."

அக்கா சிரித்துவிட்டாள். தலையைப் பின்னால் சாய்த்து, கண் இடுங்க, தோள் குலுங்கச் சிரித்தாள். அந்தப் பல் ஜம்மென்று முன்னால் வந்து நின்றது. அத்தனை அழகு. அவள் அசைந்துகொண்டே இருந்ததால் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்க நேரமில்லை. வளையத்தைத் திருப்பினேன், திரை முழுக்கச் சிவப்பு மினுங்கியது, அழுத்தினேன். திரும்பவும் மினுங்கியது, திரும்பவும் அழுத்தினேன். பத்துப் படம். அதற்குள் அவளுக்கு வாய் வலி வந்துவிட்டது, போதும் என்று கையைக் காட்டினாள். கேமராவின் சின்னத் திரையில் ஒன்றிரண்டைப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தன. வெறும் பின்பக்கத் திரையில் காட்டினால் மரியாதை இருக்காது, பெரிதாக பிரிண்ட் போட்டு மாட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு, டிபன் சாப்பிட்டுவிட்டு வந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் பாட்டுப் போட்டுக்கொண்டு கார் ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பெரிய மானிட்டரில் திறந்தேன். வாயை மூடிய நாலு படமும் கத்தி மாதிரி கூர்மையாக இருந்தன. சிரித்த பத்தில் முதலாவதைப் பெரிதாக்கினேன். முந்தானையில் இருந்த அன்னப்பட்சியின் ஒவ்வொரு இறகும் தெரிந்தது. ஜரிகை இழையை எண்ணலாம், இழைக்கு நடுவே இருந்த சின்னப் பிசிறைக்கூடப் பார்க்கலாம். முகம் பனிமூட்டத்துக்குள் இருந்தது. அடுத்ததைப் பார்த்தேன், அதற்கடுத்ததைப் பார்த்தேன். பத்திலும் புடவைதான். திரையில் சிவப்பாக மினுங்கியதெல்லாம் ஜரிகை. தலையைப் பின்னால் சாய்த்தபோது அக்கா போகஸை விட்டுப் போய்விட்டாள், நான் அவள் தோளைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுவரை நடந்தது தெரியாமல் நடந்த தப்பு மட்டும்தான். அப்போது மணி பதினொன்றரை. சர்ஜரி செவ்வாய்க்கிழமை காலை. சான்டா கிளாராவில் என் வீட்டிலிருந்து குபெர்டினோ இருபது நிமிஷம். ஆட்டோபோகஸ் லென்ஸ் அதே பையில், யாமினி வைத்த இடத்தில் இருந்தது. சொல்லிவிடலாம் என்றுதான் மச்சானைக் கூப்பிட்டேன்.

அவர் என்னைப் பேசவிடவில்லை. "ராத்திரி தூங்குனா மாறா. பத்து நாளைக்கப்பறம் நேத்துத்தான் தூங்குனா. காத்தால எந்திரிச்சு, மாறன் எடுத்துட்டான், இனி அவங்க என்ன வேணா வெட்டிக்கட்டும்னு சொன்னா. நீ பண்ணுனது சாதாரண வேலயில்ல. படம் எப்படி வந்திருக்குது?"

"நல்லா வந்திருக்குங்க மச்சான்," என்றேன்.

போனை வைத்தேன். யாமினி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள், வந்ததும் படம் எப்படி என்று கேட்டாள், அவளிடமும் நல்லா வந்திருக்கு என்றேன். அவள் முகத்தில் தெரியப்போகும் 'நான் சொன்னேனே' என்பதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. அக்காவின் தாடை போகப்போகிறது, எனக்கு என் மானம் பெரிதாக இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மங்கலான முகத்தைத் தெளிவாக்கித் தருகிற சாப்ட்வேர்கள் இப்போது நிறைய இருக்கின்றன. அந்தக் கலங்கலிலிருந்து முகம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து அதுவே வரைந்துவிடும். ஒன்றை இறக்கி, பத்தில் நல்ல சிரிப்பாக ஒன்றைக் கொடுத்தேன். நாற்பது செகண்டில் அக்கா பனிமூட்டத்திலிருந்து வெளியே வந்தாள். கண் துல்லியம், இமைமுடி துல்லியம். வாயை மூடி எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணை ஒப்பிட்டேன், புருவத்தை ஒப்பிட்டேன், மூக்குத்தியைக் கொஞ்சம் நானே சரி பண்ணினேன். போட்டோ எடுப்பவனுக்குக் கண்தான் எல்லாம் என்று படித்திருக்கிறேன், அதனால் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாமினி எட்டிப் பார்த்துவிட்டு, அழகா இருக்காங்க, ஆனா ஏதோ விளம்பரத்துல வர்ற ஆன்ட்டி மாதிரி இருக்கு என்றாள். பழைய லென்ஸில் அப்படித்தான் வரும் என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன்.

சர்ஜரி பதினொரு மணி நேரம் நடந்தது. அக்கா ஆஸ்பத்திரியில் இருந்த பதினேழு நாளில் படத்தைப் பெரிதாக பிரிண்ட் போட்டு, தேக்கு நிறத்தில் பிரேம் பண்ணி, அவள் வீட்டு ஹாலில் சோபாவுக்கு நேரெதிரே மாட்டினேன். டெக்சஸிலிருந்து லீவு போட்டு வந்திருந்த அவள் பெண் வெண்பா அதைப் பார்த்து அழுதாள். அம்மா இவ்வளவு சந்தோஷமாக இருந்து தான் பார்த்ததே இல்லை என்று இங்கிலீஷில் சொல்லி என்னைக் கட்டிக்கொண்டாள். மச்சான் ரொம்ப நேரம் நின்று பார்த்தார். பிறகு என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார். நெகிழ்ந்துபோயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அக்காவை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். இடது கன்னம் ஒரு பக்கமாக வீங்கி, உதடு கீழே இழுத்திருந்தது. கழுத்தில் கட்டு. பேசக்கூடாது என்பதால் கையில் சின்ன ஒயிட்போர்டும் ஒரு மார்க்கரும். வெண்பா அவளை சோபாவில் உட்கார வைத்துவிட்டு மருந்து வாங்கப் போனாள். அக்கா எதிரே இருந்த படத்தைப் பார்த்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன், பாராட்டுக்குக் காத்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவள் எழுந்தாள். மச்சான் பிடிக்கப் போனார், வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டு ஒவ்வோர் அடியாகப் படத்தின் பக்கத்தில் போனாள். கண்ணாடிமேல் விரல் வைத்து, வாயின் இடது பக்கத்தைத் தடவினாள். அப்புறம் அதே விரலால் தன் வீங்கிய கன்னத்தைத் தொட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்து போர்டில் எழுதினாள். மருந்து மயக்கத்தில் எழுத்துக் கோணலாக இருந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது.

"என்ற பல்லு எங்கடா?"

நான் படத்தைப் பார்த்தேன். இருபது நாளாக எத்தனை தடவை பார்த்திருப்பேன். அன்றைக்குத்தான் அந்த வாயைப் பார்த்தேன். பல்வரிசை முத்து கோத்த மாதிரி நேராக இருந்தது. சாப்ட்வேர் உலகத்தில் உள்ள நல்ல பல்வரிசையை எல்லாம் பார்த்துவிட்டு, அந்தக் கலங்கலில் நீட்டிக்கொண்டிருந்ததைக் குறை என்று எடுத்துக்கொண்டு திருத்திவிட்டிருக்கிறது. அந்தப் பல்லை வைத்து அவளைப் பாடாய்ப் படுத்தியவன் நான், அது காணாமல் போனதுகூட எனக்குத் தெரியவில்லை.

மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். "நான் மொத நாளே பாத்துட்டேன் செல்வி. நீதான் மாறங்கிட்டச் சொல்லி நேராக்கச் சொன்னயாக்கும்னு இருந்துட்டேன். உனக்குப் புடிச்ச மாதிரி இருக்கட்டும்னு கேக்கல."

அக்கா அவரையே பார்த்தாள். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினாள். கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜரிகையைச் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணியைச் சொன்னேன், பையில் இருந்த இன்னொரு லென்ஸைச் சொன்னேன். ரெண்டு நாள் இருந்தது அக்கா, வந்து திரும்ப எடுத்திருக்கலாம், பயந்துகிட்டு வரலை என்றேன். மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது. என்னை அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து போய்ப் படத்தைக் கழற்றி, முகம் சுவரைப் பார்க்கத் திருப்பிக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

அக்கா போர்டைத் துடைத்துவிட்டு எழுதினாள். "நெஜமானத காட்டு."

பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து அவள் மடியில் வைத்தேன். பத்துப் படத்தையும் அவளே ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள், அவசரமே இல்லை. எல்லாவற்றிலும் தங்கமாக ஜொலிக்கிற முந்தானை, அதற்குப் பின்னால் சிரிக்கிற யாரோ. ஏழாவது படத்தில் நிறுத்தினாள். அதில் அந்தக் கலங்கலுக்குள் வெள்ளையாக ஒரு துளி, வரிசையை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குமேல் அதில் ஒன்றும் தெரியாது. அவள் அதைப் பெரிதாக்கினாள். பெரிதாக்க ஆக்க வெறும் புள்ளிகளாகக் கலைந்து போயிற்று. திரும்பச் சின்னதாக்கினாள்.

நான் மன்னிப்புக் கேட்கிற மாதிரி என்னவோ உளறினேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். மார்க்கரை எடுத்து, இந்தத் தடவை நிதானமாக எழுதி, போர்டை என் பக்கம் திருப்பினாள்.

"பொடவ நல்லா வந்திருக்கு."

அவள் தோள் குலுங்கியது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அன்றைக்குக் குலுங்கிய அதே மாதிரி. அவள் வலது கை எழுந்து வாயை மூடிக்கொண்டது. மச்சான் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, அந்தக் கையை மெதுவாக எடுத்துவிடப் பார்த்தார்.

அவள் விடவில்லை.